போட்டுப் பிடித்தால் பணம்

சொந்த மனைவியே உடுத்தாத நைட்டியை ஊர் உலகத்துக்கெல்லாம் விற்கக் கிளம்பியவன் திருப்பூரில் ஒரே ஒருவன்தான். அது நான். பெயர் நந்தகோபால். கடையின் பெயர் தாரணி நைட்டீஸ். தாரணி என் மனைவி. துணி எடுப்பது, வெட்டுவது, கீழ்த்தளத்தில் நான்கு மெஷின்களில் தைக்கும் பெண்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது எல்லாம் அவள். நான் நிர்வாக இயக்குநர். அதாவது பார்சலில் முகவரி ஒட்டுவேன். மீதி நேரத்தில் கணினியைப் பார்த்துக் கவலைப்படுவேன்.

தாரணி வீட்டில் போட்டிருப்பது சந்தையில் வாங்கிய ஊதாப் பூ நைட்டி. ஆறு வருடமாக அதே நைட்டிதான், பூவில் பாதி உதிர்ந்துவிட்டது. கடைக்குப் பெயராக இருக்கிறவள் இப்படி நிற்கலாமா, நம் சரக்கில் ஒன்றைப் போடக் கூடாதா என்று கேட்டால், “இது மொதல்ல கிழியட்டுங்க” என்பாள். எங்கள் நைட்டியைப் பற்றி அவளுக்கு இருக்கும் அபிப்பிராயம் அதுதான் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அதை வெட்டியதே அவள்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை.

இது நடந்தது இரண்டாயிரத்து நாற்பத்தொன்றில். எங்கள் இணையக் கடைக்கு ஒரு நாளைக்கு இருநூறு பேர் வருவார்கள். நிறம் பார்ப்பார்கள், அளவு பார்ப்பார்கள், பாக்கெட் வலது பக்கமா இடது பக்கமா என்று பார்ப்பார்கள், இரண்டைத் தேர்ந்தெடுத்துக் கூடையில் போடுவார்கள். பணம் கட்டும் பக்கம் வந்ததும் அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்த மாதிரி எழுந்து ஓடிவிடுவார்கள். மிஞ்சுவது பத்துப் பேர்.

கோளாறு பணம் வாங்கும் வழியில்தான் என்று முடிவு கட்டினேன். முதலில் முன்பணம் மட்டும் வைத்திருந்தேன். முகம் தெரியாத நந்தகோபாலை நம்பிப் பணம் போட யாரும் தயாராக இல்லை. சரி, பார்சல் கைக்கு வந்தபின் தரலாம் என்று மாற்றினேன். ஆர்டர் குவிந்தது. ஆனால் பார்சல் வாசலுக்குப் போகும்போது வீட்டில் ஆள் இருக்காது, அல்லது காசு இருக்காது, அல்லது நான் ஆர்டரே போடவில்லை என்பார்கள். என் நைட்டிகள் கன்னியாகுமரி வரைக்கும் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு அழுக்கோடு வீடு திரும்பின. நானே அவ்வளவு ஊர் பார்த்ததில்லை. அடுத்து தவணை முறை வைத்தேன். நைட்டிக்குத் தவணையா என்று சிரித்தார்கள். கணவனின் கைபேசிக்கு பில் போகும் பொத்தான் ஒன்று வைத்தேன். அதை அமுக்கிய பெண்கள் ஏராளம், பணம் தந்த கணவர்கள் மூன்று பேர். முகம் காட்டினால் பணம், குரல் கொடுத்தால் பணம் என்று போய்ப் போய், கடைசியில் பத்தொன்பது வழிகள் ஆகிவிட்டன. பந்தியில் பத்தொன்பது பாயசம் வைத்தால் சாப்பிட வந்தவர் எதைக் குடிப்பார்? இலையை மடித்துவிட்டுத்தான் போனார்கள்.

ஒரு நாள் தாரணி இரண்டு மெஷின்களைத் துணி போட்டு மூடினாள். ஆடி முடிவதற்குள் நிலைமை மாறவில்லை என்றால் மற்ற இரண்டையும் மூடிவிட்டு மறுபடி பனியன் கம்பெனிக்குக் கட்டிங் வேலைக்குப் போவதாகச் சொன்னாள். குழம்புக்கு உப்புப் போடுவதைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். பன்னிரண்டு வருடம் கம்பெனியில் நின்றபடியே வெட்டி வெட்டி அவள் கால் நரம்பெல்லாம் சுருண்டு போய்விட்டது. இனி நிற்கக் கூடாது என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் உட்கார்ந்து வெட்ட ஒரு மேசை செய்து இந்தக் கடையை ஆரம்பித்தோம். கடை மூடினால் அவள் மறுபடி நிற்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து ரெஜினா வந்தாள். ‘நிறைவு’ என்ற கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. வந்தவள் என் பத்தொன்பது பொத்தான்களையும் பார்த்தாள். சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாட்டை நான் இன்னும் மறக்கவில்லை.

“சார், உங்க கஸ்டமருக்கு ஒரே ஒரு பயம்தான். பணம் போயிட்டு, பொருள் நல்லா இல்லன்னா என்ன பண்றது. அந்தப் பயத்த எடுத்துடுங்க. போட்டுப் பாக்கட்டும். பிடிச்சிருந்தா மட்டும் பணம்.”

“பிடிச்சிருந்தாலும் இல்லைன்னு சொல்லிட்டாங்கன்னா? நம்ம பக்கம் நல்லா இருக்குதுன்னு வாயத் தொறந்து யாருங்க சொல்றாங்க? கண்ணு பட்டுரும்னு பாயசத்துக்கே ஒரு குறை சொல்லுவாங்களே.”

“அவங்க வாய யார் சார் கேக்கப் போறா? உடம்பக் கேப்போம்.”

அப்போது எல்லார் மணிக்கட்டிலும் காப்பு இருந்தது. மருத்துவக் காப்பீடு வேண்டுமென்றால் அதைக் கட்டியே ஆக வேண்டும் என்று விதி வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நாடி, வியர்வை, மூச்சு எல்லாம் அதற்குத் தெரியும். ரெஜினாவின் கம்பெனி கண்டுபிடித்தது, மனசு நிறைவது எப்படி இருக்கும் என்பதையும் அதிலிருந்தே அளந்துவிடலாம் என்பதை. நைட்டியின் கழுத்தில் தைக்கும் சைஸ் லேபிளில் ஒரு இழையைச் சேர்த்துக் கொடுப்பார்கள். நைட்டி உடம்பில் ஏறியதும் லேபிள் காப்புக்குச் சொல்லும். அன்று அந்த உடம்பு எவ்வளவு நிறைந்தது என்று காப்பு கம்பெனிக்குச் சொல்லும். நிறைந்திருந்தால் முழு விலை எழுநூறு ரூபாய். எதிர்பார்த்ததற்கு மேல் நிறைந்தால் இரட்டிப்பு வரை எடுத்துக்கொள்ளலாம். நிறையவே இல்லை என்றால் பூஜ்யம். பார்சல் போய்ச் சேர்ந்து முப்பது நாள் கெடு. வருவதில் கம்பெனிக்கும் ஒரு பங்கு.

“உடம்பு பொய் சொல்லாதுங்களா?”

“அதுக்குப் பழக்கம் இல்ல சார்.”

பத்தொன்பது பொத்தான்களையும் எடுத்துவிட்டு ஒன்றை வைத்தேன். ‘போட்டுப் பிடித்தால் பணம்.’ வைத்த நான்காவது நிமிடம் முதல் ஆர்டர் வந்தது. ஆர். ருக்மணி, கோபிசெட்டிபாளையம். சந்தன நிறம், பருத்தி, வலது பாக்கெட். நான் கைபேசியைத் தூக்கிக்கொண்டு கட்டிங் மேசைக்கு ஓடினேன். யாரோ ஒரு ருக்மணி, நம்மை முன்பின் தெரியாதவள், நம்பிக் கேட்டிருக்கிறாள் பார் என்றேன். தாரணி சாக்பீஸை நிறுத்தாமல் “பரவாயில்லையே” என்றாள். அந்தப் பார்சலை நானே குரியர் ஆபீசுக்கு எடுத்துப் போனேன். அதற்குப் பிறகு மனசு தளரும்போதெல்லாம் கோபி ருக்மணியை நினைத்துக்கொள்வேன்.

ஆர்டர் ஒரு நாளைக்கு அறுபதைத் தாண்டியது. மூடிய இரண்டு மெஷின்களும் ஓடின. ஆடியும் போனது. தெருவில் நடக்கும்போது நான் கொஞ்சம் மெதுவாக நடக்க ஆரம்பித்தேன், யாராவது வியாபாரம் எப்படி என்று கேட்கட்டும் என்று.

முப்பது நாள் கழித்துக் கைபேசியில் மணி அடித்தது. பூஜ்யம். அடுத்த மணி, பூஜ்யம். அன்று முழுக்கப் பூஜ்யங்கள் வந்துகொண்டே இருந்தன. ஒரே ஒருவர்தான் இரட்டிப்புத் தந்தார். அவர் நாமக்கல்லில் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மனைவிக்கு வாங்கியதைச் பகல் புழுக்கத்தில் தானே போட்டுப் பார்த்தாராம், சொர்க்கமாக இருக்கிறது என்று கடிதமும் எழுதியிருந்தார். தமிழ்நாட்டுப் பெண்களுக்கு உடலும் உள்ளமும் குளிர உடை தருகிறவன் என்று என்னைப் பற்றி நான் ஒரு விளம்பரம் எழுதி வைத்திருந்தேன். அதை அன்றே அழித்தேன்.

நான் மேசைக்குப் பக்கத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைத் தாரணி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கத்தரியைக் கீழே வைத்தாள். என்னோடு பேசுவதற்காக அவள் கத்தரியைக் கீழே வைப்பது வழக்கமில்லை.

“ஏனுங்க, புது நைட்டிய வாங்குன கையோட யாராச்சும் போடுவாங்களா?”

“பின்ன எதுக்கு வாங்கறாங்க?”

“பீரோவுல வெக்கறதுக்கு.”

பழையது கிழிய வேண்டும், கிழிந்ததைத் தைக்க வேண்டும், தையலும் விட்டுப் போனபின் அது தரை துடைக்கப் போகும், அதன்பிறகுதான் புதியதைப் பற்றி யோசிப்பார்கள் என்று எனக்கு விளக்கினாள். அப்போதும் எல்லாவற்றையும் எடுத்துவிட மாட்டார்கள். “ஊருக்குப் போனா வேணும். மக பிரசவத்துக்குக் கூடப் போய் இருந்தா வேணும். திடீர்னு ஆசுபத்திரியில படுக்க வேண்டி வந்துச்சுன்னா, பாக்க வர்றவங்க முன்னாடி கிழிஞ்சதோட படுத்திருக்க முடியுமுங்களா? அதுக்குன்னு ஒண்ணு ரெண்டு புதுசா இருக்கோணும்.”

நிறைவு கம்பெனிக்காரர்கள் எத்தனையோ நாடுகளில் சோதித்துவிட்டு வந்தவர்கள். நம் வீட்டு பீரோவைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவர்களை விடுங்கள். நாலு வருடமாக நைட்டி விற்கிற எனக்குத் தெரியவில்லையே.

ரெஜினாவிடம் சொன்னேன். தன் அம்மாவும் அப்படித்தான் என்றாள். மேலிடத்தில் பேசி முப்பது நாள் கெடுவை எடுத்துவிட்டாள். என்றைக்கு முதல்முறை போடுகிறார்களோ அன்றைய நிறைவைக் கணக்கில் எடுப்பது என்று மாற்றினார்கள்.

அதன்பிறகு பணம் வர ஆரம்பித்தது. ஒவ்வொரு மணிக்கும் திரையில் ஒரு வரி வரும். முதல் அணிதல், இடம், நிறைவு. இடம் என்பதில் சில சமயம் வீடு என்று இருக்கும், சில சமயம் பயணம் என்று இருக்கும். பாதிக்கு மேல் மருத்துவமனை என்றுதான் இருந்தது. நிறைவும் அங்கேதான் அதிகம். முன்பின் தெரியாத கட்டிலில் படுத்திருக்கும்போது சொந்தத் துணி, அதுவும் புதுசு, உடம்பில் பட்டால் ஒரு தைரியம் வருமாம். காப்பு அதை நிறைவு என்று எழுதிக்கொண்டது. எனக்கு ஒன்றரை மடங்கு விலை வந்தது.

ஐப்பசி மழையில் காய்ச்சல் பரவியது. மணி ஓயாமல் அடித்தது. ஐந்தாவது மெஷின் வாங்கினேன். தீபாவளி வந்தால் ஜவுளிக்கடைக்காரன் சிரிப்பான், கொசு வந்தால் நான் சிரித்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை பிள்ளையார் முன்னால் நின்று, வியாபாரம் இன்னும் நன்றாக நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கும்பிட்ட கை கும்பிட்டபடி இருக்க, நான் கேட்டது என்ன என்று எனக்கே புரிந்தது. கேட்ட வேண்டுதலை எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியவில்லை. ஒன்பது தோப்புக்கரணம் போட்டுவிட்டு வந்தேன்.

ஒன்றரை வருடம் ஆனது. கம்பெனிக்குப் பொறுமை போனது. பதினைந்தாயிரம் நைட்டிகள் பணம் தராமல் பீரோக்களில் படுத்திருந்தன. ஒரு மாதத்துக்குள் அதில் ஒரு பங்கையாவது எழுப்பவில்லை என்றால் பொத்தானை எடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். வாங்கியவர்களுக்கு ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள், உங்கள் பாணியிலேயே எழுதுங்கள் என்றாள் ரெஜினா. என் பாணி என்று யாராவது சொல்லிவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. அரை நாள் உட்கார்ந்து எழுதினேன்.

“அக்கா, உங்கள் பீரோவில் நான் இன்னும் எத்தனை நாள் காத்திருப்பது? எப்போது என்னைப் போடுவீர்கள்? இப்படிக்கு, உங்கள் புது நைட்டி.”

எழுதியதைத் தாரணியிடம் காட்டவில்லை. பலன் வந்தபின் சொல்லி அசத்தலாம் என்று இருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லாருக்கும் போனது. மதியத்துக்குள் நாற்பது மணி அடித்தது. கடைப் பெண்களுக்கெல்லாம் பிரியாணி சொன்னேன்.

இரண்டு மணிக்கு ஒரு அழைப்பு வந்தது. அருப்புக்கோட்டையிலிருந்து அழகுராஜ் என்று சொன்னார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நைட்டிக் கடையா தம்பி? எம் வீட்டுக்காரி முத்துமாரி பேருக்கு ஒரு மெசேசு வந்துருக்கு. எப்பப் போடுவீங்கன்னு நைட்டி கேக்குற மாதிரி.”

“ஆமாங்கய்யா. நான்தான் எழுதினேன்.” இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

“அவ போயி அஞ்சு மாசமாச்சு தம்பி. ஆசுபத்திரிக்குப் போனா வேணும்னு மூணு வாங்கி வச்சிருந்தா. ஆசுபத்திரிக்கே போகல. அடுப்படியில செத்த உக்காருறேன்னா, அம்புட்டுத்தேன்.”

அவரே தொடர்ந்தார். செய்தியை முதலில் பார்த்தது அவர் மகளாம். பயந்துவிட்டாளாம். அந்த மூன்றையும் திருப்பிக் கேட்பீர்களா என்று விசாரிக்கத்தான் கூப்பிட்டாராம், மகள் அதை யாரையும் தொட விடுவதில்லையாம். வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள், மன்னித்துவிடுங்கள் என்று என்னென்னவோ சொன்னேன். போடாமலே போய்விட்டார்களே என்றும் சொல்லித் தொலைத்தேன்.

“போட்டாத்தேன் சந்தோசமா தம்பி? வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வெளக்குப் பொருத்திட்டு பீரோவத் தொறப்பா. மூணையும் எடுத்து மடியில வச்சு, தடவிப் பாத்துட்டு, திரும்ப மடிச்சு வப்பா. அன்னைக்குப் பூராம் என்னையத் திட்ட மாட்டா. சரி, அந்த மெசேசு மட்டும் இனி வேண்டாம்.”

பிரியாணி வந்தது. நான் மாடிப்படியில் உட்கார்ந்து ரெஜினாவைக் கூப்பிட்டேன். நினைவூட்டலை நிறுத்தச் சொன்னேன், முத்துமாரியின் மூன்று நைட்டிகளையும் கணக்கிலிருந்து எடுக்கச் சொன்னேன், ஏன் என்றும் சொன்னேன். அவள் எதையோ தட்டிப் பார்ப்பது கேட்டது.

“சார், அவர் சொன்னது சரிதான். போடாம சும்மா கையில எடுத்தாலும் லேபிள் பதிவு பண்ணியிருக்கு. அதெல்லாம் வேண்டாத பதிவுன்னு நாங்க ஓரமாத் தள்ளிட்டோம். நாப்பத்தோரு வெள்ளிக்கிழமை இருக்கு சார். எல்லாத்துலயும் நிறைவு இரட்டிப்பு.” அவள் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. மறு நிமிடம் அவளுக்குள் இருந்த விற்பனைப் பிரதிநிதி எழுந்துவிட்டாள். “சார், நாம தேடினது இதுதான் சார். அவங்க போடவே வேண்டாம். பீரோவத் திறந்து தொட்டாலே பணம் எடுத்துக்கலாம். உங்க கடையிலயே முதல்ல சோதிக்கலாம். நீங்க சரின்னு சொன்னாப் போதும்.”

நான் நல்லவன் என்று உங்களிடம் நடிக்கப் போவதில்லை. பதினைந்தாயிரத்தை ஆயிரத்து நானூறால் பெருக்கிப் பார்த்தேன். தாரணியின் காலுக்குக் கோவையில் நல்ல மருத்துவரைப் பார்க்கலாம், இந்த ஜென்மத்தில் அவள் நிற்கவே வேண்டாம் என்றெல்லாம் ஓடியது. ஏதாவது ஒன்றை எடுத்துக் காட்டு பார்க்கலாம் என்றேன். எதை என்றாள். முதல் ஆர்டர், கோபி ருக்மணி என்றேன். நம்மை நம்பிய முதல் மனுஷி அந்த நைட்டியைத் தொட்டாளா என்று தெரிந்துகொள்ள ஆசை.

ரெஜினா மறுபடி தட்டும் சத்தம் கேட்டது.

“சார், இது கோபியில இல்ல. போன மறுவாரமே திருப்பூருக்கு வந்துடுச்சு. பெரிச்சிபாளையம், ரெண்டாவது தெரு. சார், இது உங்க வீடு. உங்க மிஸஸோட காப்பு.”

கோபி அக்கா. தாரணியின் பெரியம்மா மகள். பதினாறு வருடமாக அவர் கையால் ஒப்புட்டுப் போளி சாப்பிட்டிருக்கிறேன், அக்கா அக்கா என்று கூப்பிட்டிருக்கிறேன். கோபியில் இருப்பதால் அவர் கோபி அக்கா. அவருக்கு ருக்மணி என்று ஒரு பெயர் இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. எனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று அவர் முகவரிக்கு வரவழைத்து, ஊருக்குப் போனபோது தாரணி எடுத்து வந்திருக்கிறாள்.

“எத்தனை தடவை தொட்டிருக்கா?”

“தினமும் சார். சாயங்காலம் ஆறு மணி வாக்குல.”

ஆறு மணிக்குத்தான் மெஷின்கள் நிற்கும். அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக மாடிக்கு ஏறுவாள். அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் கழித்து வெளியே வருவாள். கால் வலிக்குத் தைலம் தடவுகிறாள் என்று நினைத்திருந்தேன்.

“நிறைவு எவ்வளவு?”

“இரட்டிப்புக்கு மேல எங்ககிட்ட அளவு இல்ல சார்.”

மாடிப்படியில் உட்கார்ந்தபடி அழுதேன். கீழே பெண்கள் பிரியாணியில் முட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தொட்டால் காசு என்று தெரிந்தால் தாரணி அதற்குப் பிறகு அந்தக் கதவைத் திறக்க மாட்டாள். முத்துமாரிக்குத் தெரிந்திருந்தால் அவளும் திறந்திருக்க மாட்டாள். வாங்கிய அத்தனை பேருக்கும் ஆறு மணி இல்லாமல் போகும், வெள்ளிக்கிழமை இல்லாமல் போகும். ரெஜினாவிடம் வேண்டாம் என்றேன். அப்படியானால் மாதக் கடைசியில் பொத்தான் போய்விடும் சார் என்றாள். எடுத்துவிடு என்றேன். என் வாழ்க்கையில் நான் பேசிய ஒரே வீர வசனம் அது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னதால் அவளுக்குக் கேட்கவில்லை, இரண்டாவது முறையும் சொல்ல வேண்டியதாயிற்று.

ஆனால் எனக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. தாரணியும் அதை ஆசுபத்திரிக்கென்றுதானே வைத்திருப்பாள். முத்துமாரி மாதிரி ஆகிவிட்டால்? அவள் அதை இன்றே போட்டாக வேண்டும். பழையது கிழியாமல் போட மாட்டாள். மொட்டை மாடிக் கொடியில் ஊதாப் பூ நைட்டி காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து இடுப்பிலிருந்து கீழ் வரைக்கும் ஒரே இழுப்பாகக் கிழித்தேன்.

ஆறு மணிக்கு அவள் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். விளிம்பை விரலால் நீவினாள்.

“இது கிழிஞ்சதில்லீங்க. கிழிச்சது.”

துணியோடு பதினேழு வருடம் இருந்தவளிடம் போய் என் வேலையைக் காட்டினேன் பாருங்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் எழுதிய செய்தி, அருப்புக்கோட்டை, வெள்ளிக்கிழமைகள், கோபி அக்காவின் பெயர், போகப்போகிற பொத்தான். சொல்லி முடிப்பதற்குள் மறுபடி அழுகை வந்துவிட்டது. அவள் முத்துமாரிக்கு என்ன வயசு என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அதைக்கூடக் கேட்காமல் வைத்துவிட்டீர்களா என்றாள்.

“சரி, போடறனுங்க. மொதல்ல மூக்கச் சிந்துங்க.”

சந்தன நிற நைட்டியில் வந்து நின்றாள். அழகாக இருந்தாள். அதைச் சொன்னேன். அவள் கண்ணாடியில் பார்த்து, கழுத்து அரை இஞ்ச் இறக்கம், யார் வெட்டியது என்று கேட்டாள். நீதான் என்றேன். வெட்டும்போது நீங்கள் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருந்திருப்பீர்கள் என்றாள்.

மறுநாள் மாலை என் கைபேசியில் மணி அடித்தது. பார்க்கவில்லை என்று எழுதினால் பெருந்தன்மையாக இருக்கும். ஓடிப்போய்ப் பார்த்தேன். முதல் அணிதல். இடம், வீடு. நிறைவு, பூஜ்யம்.

அவளிடம் காட்டினேன். உடம்பு பொய் சொல்லாதாம் என்றேன். தாரணி வாய்விட்டுச் சிரித்தாள்.

“பின்ன? பீரோவத் தொறந்தா அந்த எடம் வெறும் எடமா இருக்குது. எப்படி நெறையும்? கீழ போயி இதே மாதிரி இன்னொண்ணு எடுத்துட்டு வாங்க.”

இரண்டு படி ஒரே தாவலில் இறங்கி எடுத்து வந்தேன். அவள் வாங்கவில்லை. பீரோ தட்டில் விரித்திருந்த காகிதத்தைத் தூக்கி, அடியிலிருந்து இரண்டு ஐநூறு ரூபாய் நோட்டுகளை எடுத்தாள். நோட்டு என்று ஒன்றைப் பார்த்தே எனக்கு வெகுநாள் ஆகியிருந்தது. நீட்டினாள். நம் கடைதானே, நீ வெட்டியதுதானே, உனக்கு எதற்குக் காசு என்றேன்.

“ஓசியில வந்தத பீரோவுல வெச்சா அது இரவல் மாதிரிதானுங்க இருக்கும். காசு குடுத்தாத்தான் என்னுது. நான் கேட்டா ஓசியாத் தந்துருவீங்கன்னுதான் அன்னைக்குக் கோபி அக்கா பேருல வாங்குனேன். நீங்க என்னடான்னா ஊருல ஒருத்தருக்கும் காசு குடுக்கற சந்தோசத்தையே விட்டு வெக்கல.”

“பொத்தான் போகுதே. இனி யாரு நம்பிக் குடுப்பாங்க?”

“நம்ம நைட்டி பதினஞ்சாயிரம் பீரோவுல இருக்குதுங்க. தொட்டுப் பாத்தவங்களுக்குத் தெரியாதா? மொதல்ல காசு, அப்புறம் பார்சல்னு ஒரே ஒரு பொத்தான் வைங்க. வர்றவங்க வரட்டும். வரலைன்னா அப்பப் பாத்துக்கலாம்.”

அவள் சொன்னபடியே மறுநாள் வைத்தேன். முதல் நாள் ஒன்பது பேர் வந்தார்கள். நான்கு மெஷின் ஓடுகிறது, தாரணி உட்கார்ந்துதான் வெட்டுகிறாள். இது வேறு கதை.

அன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். விலை எழுநூறு. அவள் தந்தது ஆயிரம். மீதி முந்நூறு தர வேண்டும். சட்டைப் பையைத் தடவினேன், மேசை இழுப்பறையைத் திறந்தேன், கீழே போய்ப் பார்சல் மேசையையும் கிளறினேன். பத்தொன்பது வழியில் பணம் வாங்கத் தெரிந்தவனிடம் சில்லறை இல்லை.

தாரணி நைட்டியை மடியில் வைத்து ஒருமுறை தடவினாள். மடித்து பீரோவில் வைத்துச் சாவியைத் திருப்பினாள்.

“மீதிய நாளைக்குக் குடுங்க. மறந்தறாதீங்க. கடை பேரு கெட்டுப் போயிரும்.”